அவுரித் தொட்டியின் வாடை

இன்று உத்தமபாளையம் வெல்லக்கடையில் எழுந்த புளித்த வாடை, காமயகவுண்டன்பட்டியில் இடிந்து மறைந்த நெசவுக்கூடத்துக்கும், அங்கே வெல்லமிட்டுப் புளிக்கவைத்து, பெண்கள் நூல் நனைத்த அவுரி நீலச் சாயத்தொட்டிக்கும் என்னை இட்டுச் சென்றது. முகர்ந்து பார்த்தே தொட்டியின் பக்குவத்தைச் சொல்வது என் தாயாரின் வேலை. காய்ச்சலில் மோப்பத்தை இழந்தபின், வேலை போய்விடக் கூடாதென்று அதை மறைத்து, நாள்தோறும் என்னை முகரச் செய்து, "பக்குவமா இருக்கா, ஆத்தா?" என்று காதோடு கேட்பார். திருவிழா ராட்டினத்துக்கு ஓடும் அவசரத்தில் ஒருநாள் முகராமலேயே, "நல்லாருக்கும்மா" என்றேன். தொட்டி கெட்டிருந்தது, எல்லோருடைய நூலும் சாம்பல் நிறமாயிற்று.

"மூக்க எங்கன தொலச்சீக, மதினி?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

என் முகத்தைக் கண்டே புரிந்துகொண்ட தாயார், "நெசந்தான், எனக்கு வாசனையே தெரியல. வேற ஆளப் பாருங்க" என்றார். மறுநாளே திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர், "ஏன் பொய் சொன்ன?" என்று இறக்கும்வரை என்னைக் கேட்கவேயில்லை.