பல்லடம் ரோட்டில் பஸ் நின்றது

என் மகள் ஜெனிபாவுக்கு மூன்று வயதில் கால் மடங்க ஆரம்பித்தது. வயிறு வீங்கியது. பிறகு ஃபிட்ஸ் வந்தது. 2007இல் கோயம்புத்தூர் டாக்டர் பரம்பரை நோய் என்றார். நான் அக்காள் மகளைக் கட்டியவன். ஒரே ரத்தம். உடம்பின் செல்லுக்குள் கழிவு கரையாமல் சேருகிறதாம். நான் அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மிஷினுக்கு அடியில் பஞ்சு அடைகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இதைத் தட்டி எடுக்க வழியில்லை. ஃபிட்ஸுக்கு மட்டும் மாத்திரை.

சபையில் ஒரு சகோதரர் மூலிகை ஜூஸ் விற்பார். எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்ததும் பாட்டிலை எடுத்தார்.

"செடியில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குதுங்க பிரதர். செல்லுல இருக்கற அழுக்கையெல்லாம் கழுவி உட்ரும். மாத்திரைய நிறுத்துங்க. அதுதானுங்க விசுவாசம்."

"உங்க சுகர் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"அது வேறைங்க."

அனுப்பிவிட்டேன். ஆனால் நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பது அதன் பாட்டி, என் அக்காதான். எனக்குத் தெரியாமல் அந்தச் சகோதரரிடம் ஜூஸ் வாங்கினாள். மாத்திரையை நிறுத்தினாள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் ஃபிட்ஸ் வந்தது. நிற்கவில்லை.

"புள்ள நடந்திரும்னு சொன்னாரே தம்பி" என்று அக்கா அழுதாள். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்லடம் மெயின்ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோ இல்லை. அங்கே பிரைவேட் பஸ்கள் டைமுக்குப் பறக்கும். ஸ்டாப்பிலேயே முழுசாக நிற்காது. நான் முழங்கால் போடவில்லை. கத்தினேன்.

"கர்த்தாவே, உம்ம பேரைச் சொல்லித்தான் மாத்திரைய நிறுத்துனான். நீர்தான் பதில் சொல்லணும். இப்பவே சொல்லும்."

ஸ்டாப் இல்லாத இடத்தில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் குதித்துப் பிள்ளையை வாங்கினார். "அண்ணா, நேரா ஆஸ்பத்திரிக்கு உடுங்க!" என்று டிரைவரிடம் கத்தினார்.

"ஏனுங்க, எம்பட ஸ்டாப்பு போகுதுங்க" என்றார் ஒருவர்.

"ஆஸ்பத்திரியப் பாத்துட்டு வரலாம், உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

பிள்ளை பிழைத்தது.

ஜூஸைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். செடிச் சத்தை வைத்து இந்த மாதிரி நோய்களுக்கு ஆராய்ச்சி நடப்பது உண்மைதான், ஆனால் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது, மருந்து ஆகவில்லை என்றார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பாதி உண்மையைப் பாட்டிலில் அடைத்து, மீதிக்குக் கர்த்தர் பெயரை ஒட்டியிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தேன். அதுவரை சபையில் வாய் திறந்தவன் இல்லை. "பிள்ளையக் காப்பாத்துனது கர்த்தர். பாட்டில் இல்ல" என்றேன். முதலில் 'ஸ்தோத்திரம்' சொன்னது அந்தச் சகோதரர்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

ஜெனிபா நடக்கவில்லை. ஆனால் இருக்கிறாள், சிரிக்கிறாள். அதற்கே நன்றி சொல்லி முடியாது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடாவது கர்த்தரைக் கூப்பிடுங்கள். கேட்கிறார். எங்கள் வீட்டில் இப்போது அக்காதான் ஜெபித்து மாத்திரை கொடுக்கிறாள். நீங்களும் ஜெபியுங்கள். மாத்திரையையும் கொடுங்கள்.