கேனில் சேராத மூன்று முறை

பங்கு மக்களுக்கு ஸ்டெல்லா எழுதுவது. முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதியும் பழக்கமில்லை. எழுதப்போகும் விஷயமும் கோயில் மடலில் வரக்கூடிய விஷயமல்ல, சிறுநீரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஃபாதரிடம் இதைச் சொல்லித் தயங்கினேன். "உள்ளத உள்ளபடி எழுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் ஆகஸ்டு மாதம் நம் கோயில் மண்டபத்தில் மைக் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். உங்களில் பலர் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தேன். பாய் விரித்து ஆறு பேர் உட்கார்ந்து தைப்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் முகம் உருண்டையாகத் தொடங்கியது. வயிறு பெருத்தது. கையும் காலும் மட்டும் குச்சியாக இளைத்தன. வளையல் அழுத்தினாலே தோல் நீலமாகிவிடும். தொடையில் பலமே இல்லை. பாயிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

"ஸ்டெல்லாக்கா எழுந்துக்கணும்னா கிரேன் வரணும்டி" என்பாள் பக்கத்தில் தைக்கும் கௌரி. நானும் சேர்ந்து சிரிப்பேன். நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா விடமாட்டார். "இன்னா ஸ்டெல்லா, மூஞ்சி பூரி கணக்கா உப்பிக்கினு கீது? வூட்டுக்காரு நல்லா ஊட்டி உடறாரா?" என்பார். அந்த மாதங்களில் நான் ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சர்க்கரை வந்தது. ரத்த அழுத்தம் வந்தது. போன டாக்டர்கள் எல்லோரும் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். குறைத்தேன். நடந்தேன். உடம்பு மேலும் பெருத்தது. என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது எல்லோருடனும் முழங்காலிட்டேன். எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நற்கருணைக்கு வரிசை போனது, நான் அப்படியே இருந்தேன். பூசை முடிந்து ஆட்கள் வெளியே போகும்போது யாரோ ஒருவர், "எவ்ளோ பக்தி பாரேன்" என்றது காதில் விழுந்தது. கூப்பிட்டு உதவி கேட்க வாய் வரவில்லை. பெருக்க வந்த அம்மாள்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அன்று நான் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடத் தெம்பில்லை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கப் போன மருத்துவமனையில்தான் ஒரு பெண் டாக்டர் என் வயிற்றில் இருந்த ஊதாக் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னை ஹார்மோன் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரிய டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பில் கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பியில் மிளகு அளவு ஒரு கட்டி இருந்தால் இப்படி ஆகும். ஸ்கேனில் பல நேரம் அது தெரியாது. இந்த மாதிரிக் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் என்னைச் சேர்த்தால் பரிசோதனைகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆராய்ச்சி என்றதும் என் வீட்டுக்காரர் அந்தோணிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எலக்ட்ரீஷியன்.

"இன்னா மேடம், எங்க வூட்டம்மாவ வெச்சி எலிக்குப் பண்ற மாதிரி பண்ணப் போறீங்களா?"

ஆராய்ச்சிப் பிரிவின் நர்ஸ் ரேவதி சிரித்துவிட்டார். "எலி கையெழுத்துப் போடாது சார். அக்கா போடணும். வேணாம்னா எப்ப வேணா வெளிய போலாம்" என்று ஏழு பக்கத் தாளைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பரிசோதனையில் முக்கியமானது இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர். ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் கொடுப்பார்கள். காலையில் முதல் முறை போவதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். கேன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இப்படி இரண்டு தடவை. இரண்டிலும் கார்டிசால் அதிகம் என்று வந்தால்தான் அடுத்த கட்டம். தொடையில் உள்ள ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயைத் தலைவரை விட்டு, அங்கே ரத்தம் எடுத்து, கட்டியைக் கண்டுபிடிப்பார்கள்.

முதல் தடவை மிக அதிகம் என்று வந்தது. இரண்டாவது தடவைக்கு அவர்கள் சொன்ன நாள் ஜூலை முதல் சனிக்கிழமை.

அன்று நம் மண்டபத்தில் முழுநாள் உபவாச செபம். அதுவும் எனக்காக. எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவி பிலோமினா அக்கா ஒரு மாதமாக ஏற்பாடு செய்திருந்தார். "நீ இல்லாம உனக்காக எப்படி செபிக்கிறது?" என்றார். நாளை மாற்றச் சொல்லி ரேவதியிடம் கேட்டிருக்கலாம். ஒரு போன் போதும். மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்தே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. கேட்கவில்லை.

கேனைக் கோயிலுக்கு எடுத்துப் போவதை நினைக்கவே கூசியது. அதை எங்கே வைப்பது? பீடத்துக்குப் பக்கத்திலா? யாராவது "பையில இன்னா?" என்று கேட்டால்? வீட்டிலேயே ஐஸ் வாளியில் வைத்துவிட்டுப் போனேன். மண்டபத்துக் கழிவறைக்கு அன்று மூன்று முறை போனேன். மூன்றும் தண்ணீரோடு போயிற்று. ஆண்டவர் வீட்டில் போனது கணக்கில் வராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவகூட விடாம பிடிச்சீங்களாம்மா?"

எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அதில் இருவர் ஆண்கள். "ஆமாம் டாக்டர்" என்றேன்.

"அளவு நார்மலா இருக்கு. இப்ப உங்கள அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்க முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பிலோமினா அக்கா அழுதேவிட்டார். "பாத்தியா? உபவாசம் இருந்த அதே நாளு, நார்மல்! மாதா கைவிடல." மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அந்தோணி என் காலை மட்டும் பார்த்தார். அது முன்னைவிட மெலிந்திருந்தது. ஆகஸ்டில் என்னை மேடைக்குத் தள்ளி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிவிட்டார்" என்றேன். கை தட்டல் நிற்கவேயில்லை. மேடையிலிருந்து இறங்க இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சுகமானவளை ஏன் பிடித்து இறக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான இருட்டு. செப்டம்பரில் லஸ் முனையில் பஸ் படியில் கால் வைத்தேன், உடம்பு ஏறவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அதற்கே முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. எலும்பு பஞ்சாகிவிட்டது என்றார்கள். வேலை போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மருத்துவமனைக்குப் போனால் பொய் சொன்னது வெளியே வரும், ஆராய்ச்சியிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். போகாவிட்டால் இப்படியே கிடந்து சாக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. மூடியது நான்தான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் அபிராமபுரத்திலிருந்து ரெஜினா என்னைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருப்பவள். என் சாட்சி நடந்த அன்று பின்வரிசையில் இருந்தாளாம். அவள் கழுத்தில் தைராய்டு கட்டி, எலுமிச்சம்பழ அளவு. ஊசி குத்திப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆபரேஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. உங்களுக்கு உபவாசத்துல போனா மாதிரி எனக்கும் போயிடும். நீங்க ஒரு தபா என் கழுத்துல கை வெச்சி செபிங்க."

என் கையை எடுத்து அவளே தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். அவள் விழுங்கும்போது கட்டி என் விரலுக்குக் கீழே மேலும் கீழும் போனது. எனக்குச் செபம் வரவில்லை. "ஆண்டவரே, என் வாயைத் திற" என்று மட்டும் உள்ளே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன செபம் செய்ததில்லை. அவ்வளவு பெரிய செபமும் செய்ததில்லை.

வாய் திறந்தது. "ரெஜினா, நான் சொன்னது பொய்டி" என்றேன். கேன், ஐஸ் வாளி, மண்டபத்துக் கழிவறை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "இன்னாக்கா இது? உன்ன நம்பி எழுதிக் குடுத்துட்டு வந்தேனே! விளையாட்றியா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள். நான் அழவில்லை. அந்தோணி வந்ததும், "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

ரேவதியிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா! இத சொல்ல மூணு மாசமா? ஆபீசுக்குப் போறவங்க பாதிப் பேரு இதான் பண்றாங்க. ஆனா யாரும் கோயில்ல போய் சாட்சி சொல்லல!" என்றார். அந்தோணி சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன், முதுகு வலித்தது.

டாக்டரம்மா என் கோப்பை எடுத்தார். சிறுநீர் முழுதாகச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள கிரியாட்டினின் என்று இன்னொன்றையும் அளப்பார்களாம். என்னுடையது குறைவாக இருந்ததால் அவருக்கு அன்றே சந்தேகம். வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார்கள். அந்த நம்பரைக் கண்டாலே நான் எடுக்காமல் விட்டது எனக்குத்தானே தெரியும். என் பெயரை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நான் மூடிவிட்டேன் என்று நினைத்த கதவுக்கு நடுவில் யாரோ கால் வைத்துத் தடுத்தது போல் இருந்தது. அது யாருடைய கால் என்று எனக்குத் தெரியும்.

திரும்பவும் கேன் கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. இந்த முறை கேனை வயர்கூடையில் ஐஸோடு வைத்துக் கோயிலுக்கே எடுத்துவந்தேன். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்டு மைக் வாங்கினேன். என் சாட்சி பொய் என்று சொன்னேன்; முழுக் கதையும் சொல்ல வரவில்லை, இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. பிலோமினா அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் என்னை மறித்துக்கொண்டு, "என்ன அசிங்கப்படுத்திட்டியே" என்றார். பிறகு கூடையைப் பார்த்தார். "அதுல இருக்கறது அதானா?" என்றார். ஆமாம் என்றேன். கூடையின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

முடிவு அதிகம் என்று வந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் இடது பக்கம் என்று தெரிந்தது. ஜனவரியில் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். இன்னும் நான் முழுதாகத் தேறவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், மூட்டெல்லாம் வலிக்கிறது, கட்டி திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் மறைக்க மாட்டேன். போன ஞாயிறு முழங்காலிட்டேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நானாகவே எழுந்தேன்.

உங்களில் யாருக்காவது சொல்லக் கூசும் நோய் இருந்தால், செபியுங்கள். செபித்துவிட்டு டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆண்டவர் நம் பொய்யை வைத்து அற்புதம், புதுமை எதுவும் செய்வதில்லை. என் வாயைத் திறந்ததுதான் எனக்கு அவர் செய்த புதுமை. இவ்வளவு பயந்த எனக்கே செய்தார் என்றால் உங்களுக்கும் செய்வார்.

ரெஜினா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நவம்பரில் அவளுக்குக் கட்டியை எடுத்துவிட்டார்கள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் என் அறுவை சிகிச்சை அன்று வராந்தாவில் அந்தோணியோடு உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்கு மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். கார்டிசால் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, அதுதான் வேண்டும் என்றார்கள். சிறுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டு எவ்வளவு போகிறது என்று அளக்க ரேவதி கட்டிலுக்கு அடியில் ஒரு கேனை வைத்தார். அன்று ஒன்பது முறை போனேன். ஒன்பதும் கேனில் சேர்ந்தது.