வீட்டுக்கு வந்த மேலங்கி

எழுபதுகளின் கடைசியில், ஜெர்மனியில், தெர்மாமீட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்புகிற அறையைக் கூட்டித் துடைப்பது என் வேலை. நான் துடைத்த மேசையில் முகம் பார்க்கலாம். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

முதலில் எங்கள் மேலங்கிகளைத் தொழிற்சாலையிலேயே தோய்த்தார்கள். பிறகு, பாதரசம் காற்றிலும் ஆற்றிலும் கலக்கக் கூடாதென்று அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. அதிகாரிகள் வந்து புகைபோக்கியில் அளந்தார்கள், கழிவு வாய்க்காலிலும் அளந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கிழமையே மேற்பார்வையாளர், "இனி மேலங்கியை வீட்டில் தோயுங்கள்" என்றார். வாய்க்காலில் அளவைக் குறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

எங்களிடம் தோய்க்கிற இயந்திரம் இல்லை. குளிக்கிற தொட்டியில்தான் ஊறப்போட்டேன். ஒன்றரை வயது மகளையும் அதிலேதான் குளிப்பாட்டுவேன். ஒரு சனிக்கிழமை அவளைத் துவட்டிவிட்டுத் திரும்பினால், தண்ணீர் போகிற ஓட்டையின் விளிம்பில் கடுகளவு வெள்ளிமணி ஒன்று உருண்டது. தினமும் அதைக் கூட்டுகிறவள் நான். அது என்னவென்று ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"இஞ்சாருங்கோ, இதை வந்து பாருங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "நீ போய் ஒண்டும் கதைக்காதை. வேலை போனால் விசாவும் கரைச்சல்."

"பிள்ளை குளிக்கிற தொட்டியப்பா. என்னாலை வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது."

அடுத்தமுறை அதிகாரி வந்த அன்று, மேலங்கி ஊறிய தண்ணீரை ஊறுகாய்ப் போத்தலில் கொண்டுபோய் அவர் முன்னிருந்த மேசையில் வைத்தேன். அடியில் பாதரச மணிகள் கிடந்தன. எனக்குத் தெரிந்த டொச் மொழியில், "இதையும் அளந்து பாருங்கள்" என்றேன்.

"வீட்டுத் தண்ணீர் எங்கள் பொறுப்பில்லை" என்றார்.

மேலங்கியை விரித்துக் காட்டினேன். அதன் பையில் தொழிற்சாலையின் பெயர் தைத்திருந்தது. "அப்படியென்றால் இது யாருடைய பொறுப்பு?"

அவர் பெயரை வாசித்தார். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை மூடி போட்ட பீப்பாய் ஒன்று வந்தது. மேலங்கிகள் வீட்டுக்கு வராமல் அதற்குள் போயின. என் வேலையும் போகவில்லை. வாயாடி என்ற பெயர் மட்டும் கிடைத்தது. மற்றப் பெண்களின் வீடுகளுக்குப் போன பாதரசம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. என் தொட்டியை அளக்கவும் ஒருவரும் வரவில்லை. வீடு மாறும்வரை மகளை வாளித் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன்.