பொய் சொல்லிப் பிடித்த வீடு

மனைவியின் சிகிச்சைக்காக மைசூரில் ஒரு மாதம் தங்க வேண்டியிருந்தது. நாய் இருக்கிறது என்றதும் கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லாம் போனை வைத்தார்கள். எங்கள் கருப்பனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவனை யாரிடம் விட்டுவிட்டு வருவது? எரிச்சலில், விஜயநகரில் ஒரு மாடி வீட்டுக்கு "நாய் கிடையாது" என்று பொய் சொன்னேன். அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனேன்.

மறுநாள் காலையில் கருப்பன் நாற்காலியில் முட்டிக்கொண்டு கத்தினான். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ஏன்ரீ இது, நாய் இருக்குன்னு சொல்லவே இல்லையே?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"சொன்னா வீடு குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்!"

பிறகுதான் கருப்பனின் முகத்தைப் பார்த்தார். "அய்யோ பாப்பா, உனக்குக் கண்ணே தெரியலையா?"

அவரே நாற்காலி, மேசையெல்லாம் சுவரோரம் தள்ளினார். "இனிமே எதையும் இடம் மாத்தாதீங்க. அது வழி பழகிக்கும்."

அன்று முதல், மாடிப்படிக்குக் கீழே நிறுத்தும் தன் ஸ்கூட்டரை மழையிலும் தெருவில்தான் நிறுத்தினார். அவன் இறங்கும் வழியாம்.

மாட்டேன் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு இவ்வளவும் செய்த மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிளம்பும்போது நன்றி சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.