கவுனுக்கு அடியில் ஒரு கவுன்

எனக்குப் பயந்த சுபாவம். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் இன்றைக்கும் முதலில் சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன், அப்புறம்தான் எழுந்து போவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீடு தபாலுக்காகக் காத்துக்கிடந்ததை அவர்களா பார்த்தார்கள்? அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாண் உயரம்கூட இல்லாத ஒரு பீங்கான் பொம்மைதான்.

அம்மா புதுக்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அந்தக் குடும்பம் கப்பலேறியது. போகும்போது துரைசானி ஒரு புடவை கொடுத்திருக்கலாம், ஒரு அண்டா கொடுத்திருக்கலாம். கொடுத்தது ஒரு பொம்மை வீடு. அலமாரி மாதிரி முன்பக்கம் இரண்டு கதவு. திறந்தால் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, அதற்குள் ஐந்து பேர். நாங்கள் நாலு பேர் ஒற்றை அறையில் இருந்தோம். நியாயமா இது?

அந்த ஐந்து பேருக்கும் தலை, கை, கால் எல்லாம் பீங்கான். உடம்பு மட்டும் மரத்தூள் அடைத்த துணி. வீட்டு ஐயாவுக்கு மீசை பீங்கானிலேயே வார்த்தது. அவருடைய கறுப்புக் கோட்டுக்குள் சட்டை கிடையாது, நெஞ்சளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கும். "இம்புட்டுப் பெரிய தொரைக்குச் சட்டைக்குப் பஞ்சமா?" என்று அப்பா கேலி செய்வார். சமையல்காரிக்கு மேலங்கி, வேலைக்காரிக்கு வெள்ளைத் தொப்பி, குழந்தைக்கு உடம்பைவிட நீளமாக ஒரு அங்கி. வீட்டு அம்மாளுக்கு வெள்ளைப் பட்டுக் கவுன். தோளில் உப்பிய கை, கழுத்துவரை லேஸ்.

எதையும் கழற்ற முடியாது, உடம்போடு சேர்த்துத் தைத்தது. பெரியவர்களுக்கு உடுப்புத் தைத்து மிஞ்சிய துணியில்தான் பொம்மைகளுக்கும் தைப்பார்களாம். அந்தப் பொம்மை வீடு துரைசானிக்கு அவளுடைய அம்மா கொடுத்தது, அந்த அம்மாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்தது என்று அம்மா சொல்வாள். பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன், இந்த மாதிரிப் பொம்மையின் வயதைக் கவுனில் தேடக் கூடாதாம், கொண்டையிலும் செருப்பிலும்தான் தேட வேண்டுமாம். கவுனை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், பீங்கான் கொண்டையை மாற்ற முடியாது. அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்?

நான் நாலாவது படிக்கும்போது அக்காவை விராலிமலையில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான சூட்டோடு அத்தான் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் அக்கா உண்டாகியிருப்பது தெரிந்தது. மாதாமாதம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அங்கே தோட்டங்களில் சண்டை, லாரியை மறித்துச் சுடுகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் முதல் அப்பா பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். அதைவிடப் பயமான செய்தி வேறென்ன வேண்டும்? அப்பா பஸ் கண்டக்டர். டிரங்குப் பெட்டியோடு ஏறுகிறவர்களிடமெல்லாம் "மலாயாவுலேருந்தா வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பாராம்.

அக்கா ஏழாம் மாதம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சில நாள் கழித்து அவளுடைய மாமியார் அதிரசம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எனக்கு அவர் கிழவியாகத் தெரிந்தார். இப்போது யோசித்தால் நாற்பதுகூட ஆகியிருக்காது. அத்தான் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாலியறுத்தவர், அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். பிள்ளைத்தாச்சி முகத்துக்கு நேரே வரக் கூடாதென்று வாசற்படியிலேயே ஒருக்களித்து நின்றார். அங்கே நின்றபடியே பொம்மை வீட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க மதினி இது? புள்ளத்தாச்சி இருக்குற வீட்ல வெள்ளச் சீல கட்டுனவள நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"அது சீலை இல்லைங்க மதினி, கவுனு. அவங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்கே வெள்ளைதான். தொரசானி கல்யாணப் போட்டாவுல நானே பாத்திருக்கேன்" என்றாள் அம்மா.

"எந்த ஊரு வழக்கமா இருந்தா என்ன, நிக்கிறது நம்ம வீட்டுலல்ல? நானே வாசப்படியில நிக்கிறேன். அவ நடுவீட்டுல நிக்கிறா." அதிரசப் பாத்திரத்தைப் படியிலேயே வைத்தார். "எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ளைங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. அக்கா அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள், பார்க்காமல் இருக்கவும் அவளால் முடியாது. கதவைச் சாத்தி வைத்தோம். சாத்தினால் இன்னும் மோசம், உள்ளே நிற்கிறாள் என்ற நினைப்பே எல்லோருக்கும். "தூக்கிக் கடாசிரும்மா" என்று அக்கா அழுதாள். அம்மா அசையவில்லை. தான் தூக்கி வளர்த்த துரை வீட்டுப் பிள்ளை விளையாடியது என்று அவளுக்கு அதன்மேல் உயிர்.

எனக்கோ அந்தப் பொம்மை அம்மாளைப் பற்றிக் கவலை இல்லை. ஐயா பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் விழுந்து தலை உடைந்தால் அன்றைக்கே அத்தானைப் பற்றித் தந்தி வந்துவிடும் என்று எனக்குள் ஒரு முடிவு. பஞ்சில் சுற்றி, வெள்ளைத் துணியில் பொதிந்து, யாரும் தொடாதபடி அரிசிப் பானைக்குள் ஆழமாக வைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல? உலைக்கு அரிசி அள்ளப்போன அக்காவின் கையில் அவர் வந்துவிட்டார்.

"அடிப்பாவி, வாய்க்கரிசி போட்டுட்டியேடி!"

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா என் முதுகில் வைத்த அறையும்தான். நான் அழுதது அறைக்காக இல்லை. செத்தவர் வாயில் போடும் அரிசியை உயிரோடு இருக்கும் அத்தானுக்கு நானே போட்டுவிட்டேனோ என்றுதான்.

அன்று மதியம் அம்மா தண்ணீருக்குப் போனதும், அக்கா கல்யாண ரவிக்கை தைத்து மிஞ்சிய அரக்குச் சிவப்புப் பட்டுத் துண்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கதவச் சாத்துடி. இவளுக்கு இந்த வெள்ளைய அவுத்துட்டுச் செவப்புப் போட்டு விட்ரப் போறேன்."

முதுகுத் தையலை ஊசியால் நெம்பினாள். பட்டு அவ்வளவு பழசு, தொட்ட இடமெல்லாம் காய்ந்த பூ மாதிரி பொடிந்தது. கிழிந்த இடத்தில் உடம்பு தெரியவில்லை. கறுப்புத் துணி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கிழித்தாள். உள்ளே இன்னொரு கவுன். இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்தது போல உப்பியிருந்ததை அமுக்கித் தைத்த, முழுக் கறுப்புக் கவுன். அக்கா பொம்மையை மடியிலிருந்து உதறிவிட்டாள்.

குடத்தோடு வந்த அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். குடத்தை இறக்கிவிட்டுப் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவங்க ஊரு துக்கத் துணி. தொரசானி அதோட மாமனார் செத்தப்ப கறுப்புத்தான் போட்டிருந்துச்சு."

"அப்ப இவ தாலியறுத்தவதானா?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் வச்சிருந்துருக்காங்க. அதுக்கப்புறம் யாரோ மேல வெள்ளையத் தச்சிருக்காங்க. அங்கிட்டெல்லாம் மறுபடி கட்டிக்குவாங்கடி."

"மறுபடி கட்டுனா? மொதப் புருசன் செத்தது செத்ததுதானே?"

அம்மா கிழிசலை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

வீட்டில் துக்கம் விழுந்தால் அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகளின் பொம்மைக்கும் கறுப்பு உடுத்துவது உண்டு என்று பிறகு அறிந்தேன். காலம் போகப்போக சாம்பல், ஊதா என்று மாற்றி, கடைசியில் பழைய நிறங்களுக்கே திரும்புவார்களாம். இந்தக் கறுப்பின்மேல் வெள்ளையைத் தைத்தவள் யாரோ, அவளுக்கு என்ன பயமோ, என்ன ஆசையோ. அவளும் ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியோடு உட்கார்ந்திருப்பாள்.

"இங்கிட்டுக் குடு" என்று அம்மா ஊசியை வாங்கினாள். வெள்ளையை மேற்கொண்டு கிழிக்காமல் உள்ளே மடித்துவிட்டு, அதன்மேலேயே சிவப்புப் பட்டைக் கொசுவம் வைத்துச் சேலையாகச் சுற்றித் தைத்தாள். அக்கா பீங்கான் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பொம்மை கோமாளி மாதிரி இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகும் கடிதம் வரவில்லை. அக்காவுக்கு ஒன்பதாம் மாதமாயிற்று. கால் வீங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. மணிச் சத்தம் கேட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள், சைக்கிள் தாண்டிப் போனதும் அப்படியே சரிந்து உட்காருவாள்.

ஒரு மத்தியானம் தெருக்கோடியில் வெள்ளைச் சேலை தெரிந்தது. அத்தானின் அம்மா. செருப்பில்லாமல், தலை அவிழ்ந்து, ஓட்டமும் நடையுமாக வந்தார். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சேதி வந்துருச்சே" என்றாள்.

அவர் வாசற்படியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருக்கான் ஆத்தா. எம்புள்ள இருக்கான்."

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மலாயாவிலிருந்து நாகப்பட்டினத்தில் வந்து இறங்கி, காலையில் நேரே அத்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். லாரி கவிழ்ந்து அத்தானுக்குக் கால் முறிந்ததாம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து போட்ட கடிதம் எதுவும் வந்து சேரவில்லை. இப்போது ஊன்றி நடக்கிறார், அடுத்த கப்பலில் வருகிறார். அக்கா அழுதாள், அம்மா அழுதாள், நான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன்.

அப்போதுதான் அத்தானின் அம்மாவுக்குத் தான் நடுவீட்டில், பிள்ளைத்தாச்சி முகத்துக்கு நேரே நிற்பது உறைத்தது. வெடுக்கென்று பின்னால் நகர்ந்தார். அக்கா கையை விடவில்லை.

"இங்கிட்டே உக்காருங்க அத்தை."

உட்கார்ந்தார். எதிரே பொம்மை வீடு திறந்திருந்தது. அம்மாளும் ஐயாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். என்ன சொல்வாரோ என்று அம்மா என்னைப் பார்த்தாள். அவர் அந்தப் பொம்மை அம்மாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினார். வெள்ளை தெரிந்தது. வெள்ளையின் கிழிசலில் கறுப்பு தெரிந்தது.

"கறுப்பு எதுக்குங்க?"

"புருசன் போனா அவங்க ஊர்ல அதான் மதினி."

"அதுக்கு மேல இந்த வெள்ளை?"

"மறு கல்யாணத்துக்கு."

"செவப்பு?"

"அது நாங்க போட்டதுங்க."

தன் வெள்ளைச் சேலை மடியில் கிடந்த அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"குடுத்து வச்சவ" என்றார். பொம்மையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.