கயிறு தொட்டவளுக்கும் பங்கு உண்டு

ஜெரோம் போயிட்டான். காலையில கடை திறக்க ஷட்டரைத் தூக்கினவன் அங்கேயே உட்கார்ந்தானாம்... அவ்வளவுதான்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தானே, அவன்தான். "கரைமடி"ன்னு ஒரு ஆன்லைன் கேம் உண்டாக்கினவன்.

இப்ப எல்லாரும் ஆர்.ஐ.பி. போடுதீங்க. மெழுகுவர்த்தி படம் போடுதீங்க. நல்லா இருக்கு உங்க மெழுகுவர்த்தி.

அன்னைக்கு கேமை மாத்தச் சொல்லிப் பேசின அந்த குரூப் கால்ல யாரெல்லாம் இருந்தீங்கன்னு எனக்கு மறக்கல. ஜெரோம் இருந்தான். குழித்துறை ரெஜி இருந்தான். சவுதியில வேலை பாக்குற ஆன்றோ இருந்தான். எனக்க தங்கச்சி பிலோமினா இருந்தா. நான் இருந்தேன். வேற ஒருத்தரும் இல்ல.

கேம் தெரியாதவங்களுக்குச் சொல்லுறேன். வள்ளம் எடுத்து ஆழக்கடலுக்குப் போனா சூரை, திருக்கைன்னு பெரிய மீன் பிடிக்கலாம். அலை தாண்டணும், பாறை தாண்டணும். நாள் பூரா போனும் கையுமா கிடக்கிற ரெஜி மாதிரி ஆளுங்களுக்கு அது.

எங்களை மாதிரி உள்ளவங்களுக்கு கரை. அங்க கடல்ல விரிச்ச மடி வலையோட கயிறு கிடக்கும். உலையில அரிசி போட்டுட்டு வந்து ரெண்டு இழு இழுத்துட்டுப் போகலாம். மடி கரை ஏறிச்சுன்னா கயிறு தொட்ட எல்லாருக்கும் ஒரு கை நெத்திலி. ஆழக்கடல் போன வள்ளம் திரும்பி வந்தா அதைக் கரை ஏத்துறதும் இந்தக் கரை ஆளுங்கதான்.

இது ஜெரோம் புதுசா எழுதின சட்டம் இல்ல. நம்ம கடப்புறத்துல கரைமடி இழுக்கும்போது யாரு வந்து கயிறைத் தொட்டாலும் வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க. அதை அப்படியே போனுக்குள்ள கொண்டு வச்சான்.

எனக்க போன் கண்ணாடி உடைஞ்சு அவன் கடைக்குப் போனப்போதான் இதைப் போட்டுத் தந்தான். "சும்மா தொடுங்க மாமி. கரையில யாரும் தோக்க முடியாது."

"தோக்க முடியாட்டா பின்ன என்னலே கேமு?"

"தோக்கதுக்குத்தான் ஆழக்கடல் இருக்கு. ஒருக்கா அங்க போய் செத்துட்டு வாங்க."

போனேன். மொத அலையிலேயே வள்ளம் கவுந்துது. ஸ்க்ரூடிரைவரை வாயில கடிச்சுக்கிட்டு அவன் சிரிச்ச சிரிப்பு... கடைக்கு வந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அந்தப் பயலைத்தான் நீங்க எல்லாரும் சேர்ந்து குரூப் கால்ல நிறுத்தி வச்சு கேள்வி கேட்டீங்க.

ரெஜி சொன்னான், "அண்ணே, நான் பாறை தாண்டி உயிரைக் கொடுத்து மீன் கொண்டாறேன். இவங்க அரிசி கழுவிக்கிட்டே கயிறு தொடுதாங்க. இவங்களுக்கும் பங்கா? கேம்னா கஷ்டம் வேணும்லா."

நான் கேட்டேன். "உனக்குத் திருக்கை, எனக்கு நெத்திலி. உனக்க திருக்கையில நான் கை வச்சேனாலே?"

அதுக்கு ஆன்றோதான் பேசினான். மாத்தாட்டா நாங்க எல்லாரும் கூட்டத்தோட கேமை விட்டுப் போயிருவோம்னான்.

ஜெரோம் அசையல. "ஆழக்கடலை எவ்வளவு வேணும்னாலும் கஷ்டமாக்குதேன் ரெஜி. புயல் விடுதேன், சுறா விடுதேன். கரையை மட்டும் விட்ருங்கோ."

எவ்வளவு நல்ல பேச்சு பாத்தியளா. முடிஞ்சவனுக்கு முடிஞ்ச மட்டும், முடியாதவளுக்கு முடிஞ்ச மட்டும். அதோட முடிஞ்சிருக்கணும்.

முடியல. ஒருத்தி வாயைத் திறந்தா. அதை கடைசியில சொல்லுறேன்.

பொறவு கயிறு மாறிச்சு. மணி அடிக்க அடிக்க, தப்பாம விரல் வைக்கணும். ஒண்ணு விட்டா கயிறு வழுக்கிரும், பங்கு இல்ல. வயசாகி மடங்காத இந்த விரலை வச்சு நானும் எத்தனையோ தடவை பாத்தேன். கொட்டாரம் ஊர்ல இருந்து கயிறு தொட வர்ற பொம்பளைங்க, மார்க்கெட்ல காய்கறி விக்கிறவங்க... ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க.

அப்பம் என்ன ஆச்சு? ஆழக்கடலுக்குப் போன வள்ளத்தைக் கரை ஏத்த ஆள் இல்ல. திருக்கையும் வச்சுக்கிட்டு அலையில நின்னு ஆடினான் ரெஜி. பொறவு அவனும் ஆன்றோவும் துப்பாக்கி வச்சு சுடுற ஏதோ கேமுக்குப் போயிட்டாங்க. கஷ்டம் வேணும் கஷ்டம் வேணும்னு கத்தினவங்க... கஷ்டத்தை ஜெரோம் தலையில வச்சுட்டுப் போனாங்க.

உங்கள்ல யாராவது அதுக்கப்புறம் அவன் கடைக்குப் போனீங்களா?

நான் போன வாரம் போனேன். "மாமி, பழைய கயிறையே திரும்பப் போட்டாச்சு. தொட்டுப் பாருங்கோ"ன்னான். எனக்க போன்ல நான் இழுத்தேன், அவனுக்க போன்ல அவன் இழுத்தான். பாதி வந்து மடி நின்னுட்டு.

"ரெண்டு பேரு இழுத்தா ஏறாது மாமி. ஆளைக் கூப்பிடுங்க."

எல்லாருக்கும் போன் போட்டேன். வாரேன் வாரேன்னாங்க. ஒருத்தரும் வரல.

அந்த மடி இப்பவும் அங்கதான் நிக்குது. இப்ப பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

ரெஜியை விட்டுரலாம், விளையாட்டுக் கிறுக்கு. ஆன்றோ அவன் பின்னால போற ஆளு. அவனையும் விட்டுரலாம்.

ஆனா அன்னைக்கு வாயைத் திறந்தவ கரையில எனக்குப் பக்கத்துல நின்னு கயிறு இழுத்தவ. ரெஜி அவளை வள்ளத்துல ஏத்தி லெவல் கூட்டிவிட்ட ரெண்டு நாள்லயே சொன்னா, "ஜெரோமு, நானும் கரையில கிடந்தவதான். சும்மா கயிறு தொட்டவளுக்குப் பங்கு கொடுக்கது பிச்சை போடுற மாதிரில்லா இருக்கு."

பிச்சை.

"கரையில உள்ளவங்களே இப்படிச் சொன்னா பின்ன நான் என்ன செய்ய"ன்னுதான் ஜெரோம் ஒத்துக்கிட்டான்.

கடலுக்குப் போன எங்க அப்பா திரும்பி வரல. எங்கம்மை வயித்துப் பிள்ளையோட போய் கயிறு தொட்டா. அந்த நெத்திலியிலதான் நான் வளந்தேன். வயித்துல இருந்த பிள்ளையும் வளந்துது.

ஜெரோமு... போயிட்டு வா மக்கா. கயிறை நான் விடல.

அந்த வயித்துப் பிள்ளையை நான் மன்னிக்க மாட்டேன். இதை அவளும் படிப்பா. பிலோமினா.