இலையின் இடது ஓரம்

குருநாதன் என் அக்கா வேணியின் புருஷன், எனக்கு மாமா. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். இருபத்தெட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சொல்கிறாரே!

மனுஷன் ரோட்டில் மட்டும் டிரைவர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அப்படித்தான். அடுப்படிக்குள் போகுமுன் நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். அக்கா குழம்புச் சட்டியோடு நடந்தால் நாலடி தள்ளியே வருவார். "ஒட்டிக்கிட்டே போனா, அவ திடீர்னு நின்னா நான் எங்க போறது?" என்று விளக்கம் வேறு.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே! "கண்ண ஒரே எடத்துல நட்டு வைக்காத மலரு. தூரத்தப் பாரு, கண்ணாடியப் பாரு, மறுபடி தூரத்தப் பாரு." பஸ் நின்றிருந்தால், "அடியில காலு தெரியுதா பாரு. காலு தெரிஞ்சா பின்னாலயே ஆளு வரும்." கரும்பு டிராக்டர் முன்னால் போனால் என் கதை முடிந்தது. "அது திரும்பறப்ப கரும்பு வெளிய வீசும், எடம் விடு, எடம் விடு" என்று எறையூர் வரைக்கும் அதன் பின்னாலேயே ஊர வைத்திருக்கிறார். சைக்கிள்காரர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஆறு மாதமாக அவருக்குக் கழுத்துவலி. தைலம் தேய்த்தே அக்கா ஓய்ந்துபோனாள். இது போதாதென்று இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொள்ளும். "வூட்டு நெலைய எவன் நகத்துனது?" என்று கத்துவார். "ஹாரன் அடிச்சீங்களா மாமா?" என்பேன் நான். கொழுந்தியாள் என்று ஒருத்தி பிறகு எதற்கு இருக்கிறாள்?

போன மாதம் பெரம்பலூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் மாமா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பரிமாறிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "என்னப்பா, ஜாங்கிரி வைக்காமப் போற?" என்றார். அந்த ஆள் இலையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பெரியவர் ஆசைப்படுகிறார் என்று இன்னொன்றை வைத்துவிட்டுப் போனார். ரெண்டு வாய் சாப்பிட்டதும் மறுபடியும், "எல்லாருக்கும் வைக்கிறீங்க, எனக்கு மட்டும் இல்லையா?"

இலையின் இடது ஓரத்தில், உப்பு ஊறுகாய்க்குப் பக்கத்தில், ரெண்டு ஜாங்கிரி இருந்தது. வரிசையே சிரித்தது. "மூணாவதையும் வாங்கி மடியில கட்டிக்குங்க மாமா!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார். கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பிய பிறகுதான், "அட, இங்க இருக்கா" என்றார்.

கழுத்துவலியும் கதவு நிலையும் எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் அவர் டிப்பர் எடுக்க வேண்டும். அந்த ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இடது ஓரமாகத்தான் சைக்கிளில் போவார்கள். அதற்கு முன்னால் என் பிள்ளைகள் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அரியலூர் திரும்ப வேண்டும். காரை ஓட்டப்போகிறவரும் அவர்தான்.

மண்டபத்து வாசலில் அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் காருக்கு இடப்பக்கம் போய், ஜன்னலோரம் நின்றேன்.

"மாமா, தலையத் திருப்பாம எதுத்தாப்புல இருக்கற போர்டையே பாருங்க. நான் எத்தன விரல் காட்டுறேன்?"

"வெளாட்டுக்கு நேரம் பாத்த பாரு! சரி, காட்டு."

நான் கையைத் தூக்கினேன்.

"காட்டு புள்ள, ஏன் சும்மா நிக்கிற?"

அஞ்சு விரலையும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஏங்க..." என்றாள்.

அவர் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தார். "போர்டுல பொடி எழுத்துகூடப் படிக்கிறேனே மலரு."

"நேரா தெரியுது மாமா. எடப்பக்கம் தெரியல. திங்கக்கெழம கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அதுவரைக்கும் எந்த வண்டியும் வேணாம்."

"இருபத்தெட்டு வருஷம் மலரு."

"தெரியும் மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை என் வாயாலேயே இறங்கச் சொல்கிறேனே!

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் இறங்கி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றிவந்து இடது சீட்டில் உட்கார்ந்தார்.

மண்டபத்துச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் வலப்பக்கம் ஏற வேண்டும். நான் ஓட்டும்போதெல்லாம் இந்த மாதிரி இடத்தில் "லெஃப்ட்டு காலி, போ" என்று அவர்தான் குரல் கொடுப்பார். அன்றைக்கும் "லெஃப்ட்டு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"லெஃப்ட்ட நீயே பாத்துக்க மலரு" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியல."

பார்த்தேன். "சைக்கிள்ல ஒரு பொண்ணு வருது மாமா."

"அப்ப நில்லு" என்றார். "எடம் விடு."